பாதியில் நின்ற சோடியப் பாடம்

வெடிச் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அன்று மாலையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். மாமரத்துக் காகங்கள் கலைந்து பறந்தன. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, கையில் சோக்குத் துண்டோடு, பிள்ளைகளுக்குப் பின்னால் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் பாய்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்பு அது நடந்தது. உயர்தர வகுப்புக்கு மாலையில் மரத்தடியில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பறைகளில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களும் குழந்தை குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து எங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு குந்தினார்கள்.

எல்லோரும் இரண்டாவதுக்காகக் காத்திருந்தோம். செல், அதாவது எறிகணை, ஒன்றோடு நிற்பதில்லை. முதலாவது விழுந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்களை இரண்டாவது பிடித்துவிடும். அதனால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதற்குக் காத்திருப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தோம்.

இரண்டாவது வரவில்லை. வானத்தில் இரைச்சலும் இல்லை. அப்போதுதான் எனக்கு மணம் உறைத்தது. வெடிமருந்து மணமாக இருக்கவில்லை. மண்ணெண்ணெய் எரிந்த மணம். அதோடு மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற ஒரு காரம். அந்தக் காரத்தை நான் வேறெங்கோ அறிந்திருந்தேன்.

"மாதாவே! தண்ணி எரியுது! தண்ணி எரியுதே!"

ஒரு பெண்ணின் அலறல். பங்கருக்குள் இருந்தவர்கள் யாரோ பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் எந்த இடத்தில் எரியும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அந்தக் கிழமை பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதாக இருந்தேன்.

எழும்பினேன். யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

"ரீச்சர், உங்களுக்கென்ன விசரே? ரெண்டாவது விழப்போகுது!"

"உது செல் இல்லை. விடுங்கோ என்னை!"

தடையும் அட்டவணையும்

வெடி வெடித்த இடத்தை விட்டுவிட்டு இவள் எங்கே போகிறாள் என்று கோபிக்காதீர்கள். கொஞ்சம் சுற்றித்தான் போகவேண்டும். போன கிழமை இந்தப் பத்தியில் வந்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை வாசித்த அன்பர் ஒருவர், 'இரசாயன ரீச்சர் ஏன் பௌதிகம் எழுதுகிறார்?' என்று கேட்டிருந்தார். இந்தக் கிழமை அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

நான் கரவெட்டியில் பிறந்தவள். கல்யாணம் முடித்து வட்டுக்கோட்டைப் பக்கம் வந்து, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தேன். போரில் தரைப்பாதைகள் அடைபட்டு, கிளாலிக் கடலால் மட்டுமே வெளியே போய்வர முடிந்த காலம் அது.

யாழ்ப்பாணத்துக்கு எதையெல்லாம் விடக்கூடாது என்று தடை போட்டவர், மேசையில் ஆவர்த்தன அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டுதான் யோசித்திருக்க வேண்டும். பற்றரி இல்லை. யூரியா இல்லை, ஆகவே வெங்காயத்துக்கு நைதரசன் இல்லை. நெருப்புப் பெட்டி இல்லை, ஆகவே பொசுபரசும் கந்தகமும் இல்லை. சவர்க்காரம் இல்லை, அலுமினியம் இல்லை. ஒன்றைத் தவறவிட்டாலும் அது எங்கள் கையில் குண்டாகிவிடும் என்று அவருக்குப் பயம். எங்களுக்கு உடுப்புத் தோய்க்க வழியில்லை.

ஒரு வகையில் அது எனக்கு உதவியாகவும் இருந்தது. முன்பெல்லாம் பிள்ளைகள் மூலகங்களின் இயல்புகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிப்பார்கள். இப்போது தங்கள் வீட்டில் இல்லாததெல்லாம் என்னென்ன என்று அவர்களுக்குத் தெரியும். செத்த பற்றரிக்குள் இருந்த கரிக்கோலை உருவியெடுத்து வந்து, "இதுவும் வைரமும் ஒரே சாமானே, ரீச்சர்?" என்று கேட்டார்கள். கிணற்றுக்குள் குளோரீன் தூள் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏழாம் கூட்டம்!" என்று கத்தினார்கள்.

நானும் என் பாட்டுக்கு அவற்றைக் குடும்பங்களாக்கி வைத்திருந்தேன். முதலாம் கூட்டத்தார் கோபக்காரர். கையில் இருக்கிற ஒரேயொரு இலத்திரனை யாருக்காவது தள்ளிவிட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. லிதியம் கொஞ்சம் பொறுமைசாலி, சோடியம் சண்டைக்காரன், பொட்டாசியம் அதற்கும் மேலே. கீழே இறங்க இறங்கக் கோபம் கூடும். ஏழாம் கூட்டத்தில் இது தலைகீழ். மேலே இருக்கிற புளோரீன்தான் பொல்லாதது, கீழே இருக்கிற அயடீன் புண்ணுக்கு மருந்து. எட்டாம் கூட்டத்தார் கனடாவுக்கு விசா கிடைத்தவர்கள். இங்கே ஒருவரோடும் சேரமாட்டார்கள்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆய்வுகூடத்துக்கு வெளியே விறாந்தையிலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்கும். அது ஜெசிந்தாவுடையது.

அணைக்கக் கூடாத விளக்கு

ஜெசிந்தா குருநகரிலிருந்து வந்தவள். கரையோரத்தில் செல்லடி விழத் தொடங்கிய பிறகு, கணவன் யோசேப்பையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு மூட்டை வலையோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆய்வுகூடத்துக்கு அடுத்த வகுப்பறையில் அவர்கள் இருந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாய் என்றால் வாய். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, "உங்கடை ஊர் மீனுக்கு வயசு போட்டுது" என்று மீன்காரனோடு சண்டை பிடிப்பாள்.

பகல் முழுவதும் விறாந்தையில் இருந்து கிழிந்த வலை பொத்துவாள். அவளுடைய கைவேலைக்குக் கரையில் நல்ல பெயர். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, என் பாடத்தையும் கேட்பாள். சோதனை எழுதப் போகிற பிள்ளைகளைவிட அவள் கவனமாகக் கேட்பது எனக்குத் தெரிந்தது.

யோசேப்பு கிளாலியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே போனால் திரும்ப நாட்கள் ஆகும். அந்தக் கடலில் கடற்படைப் படகுகள் திரிந்தன என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

அவன் போகிற அன்றைக்கு ஜெசிந்தா அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவாள். ஜாம்போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் எரிந்தது அதுதான்.

"கடலுக்குப் போனவர் வந்து விளக்குக்கு முன்னாலை நிக்கவேணும், ரீச்சர். பிறகு நான் ஊதி அணைப்பன். அதுவரைக்கும் அணையக் கூடாது. எங்கடை அம்மா வீட்டு வழக்கம்."

"பகலிலையும் எரியவேணுமோ?"

"பகலிலை கடல் வத்திப் போகுதோ?"

மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த கையோடு விளக்கை ஊதிவிட்டு இருட்டில் இருந்து கதைத்தார்கள். ஒரு வாசகத்தை வாசித்துவிட்டு, ஊதிவிட்டு, அதை மனப்பாடம் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் ஒருத்தி பட்டப்பகலில் விளக்கு எரித்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆனால் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் கிடைத்தால் அது பிள்ளைகளின் கறிக்கே போதாது. எனவே மண்ணெண்ணெயைத்தான் எங்கேயாவது தேடிப் பிடித்து ஊற்றுவாள்.

'போட்டா' என்ற சொல்லோடு

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சோடியக் கட்டி மிச்சமிருந்தது. கோழிமுட்டை அளவு. மண்ணெண்ணெய் நிறைந்த போத்தலுக்குள் அது கிடந்தது. இனி ஒன்று கொழும்பிலிருந்து வராது என்பதால், அதை நான் வருடக்கணக்காகக் கஞ்சத்தனமாகக் காத்து வந்தேன். பக்கத்துப் போத்தலில் தண்ணீருக்குள் கொஞ்சம் வெண்பொசுபரசு. இரண்டும் இருந்த அலுமாரியின் கண்ணாடி, பொம்பர் விமானம் குண்டு போட்டுப்போன ஒரு நாளின் அதிர்ச்சியில் உடைந்து போயிருந்தது.

வெடிப்பதற்கு முதல் நாள் ஆய்வுகூடத்தில் அந்தப் பாடம். கட்டியை இடுக்கியால் எடுத்து, கத்தியால் ஒரு சீவல் வெட்டிக் காட்டினேன். வெட்டிய இடம் புது வெள்ளி மாதிரி மினுங்கியது. பிள்ளைகள் 'ஆ' என்று சொல்லி முடிப்பதற்குள் மங்கிப் போனது.

"பாத்தியளோ? காத்து இதுக்கு ஆகாது. அதுதான் மண்ணெண்ணெய்க்குள்ளை வைச்சிருக்கிறம்."

"அப்ப பொசுபரசு, ரீச்சர்?" என்று முன்வாங்குப் பிள்ளை ஒன்று கேட்டது.

"அதுக்கும் காத்து ஆகாது. அதைத் தண்ணிக்குள்ளை வைக்கிறது. சரி, இனிக் கவனமாய்க் கேளுங்கோ. இந்தச் சோடியத்தைத் தண்ணியிலை போட்டா..."

ஹெலிகொப்டர் இரைந்துகொண்டு வந்தது. 'போட்டா' என்ற சொல்லோடு பாடம் நின்றது. கட்டியைத் திருப்பிப் போத்தலுக்குள் போட்டு மூடிவிட்டு எல்லோரும் ஓடினோம். ஹெலி சுட்டுவிட்டுப் போய் நெஞ்சிடி அடங்கிய பிறகு யாருக்குப் பாடம் படிக்க மனம் வரும்? "மிச்சம் வெள்ளிக்கிழமை" என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன்.

விறாந்தையில் வலை பொத்திக்கொண்டிருந்தவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் வகுப்பில் இல்லையே.

சிவப்புத் தாள்

இனிப் பங்கரிலிருந்து எழும்பிய இடத்துக்கு வருகிறேன்.

கிணற்றடியில் வெள்ளைப் புகை. நிலத்தில் அங்குமிங்கும் மஞ்சள் நெருப்புத் துளிகள் துள்ளின. போத்தல் கண்ணாடி சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஜெசிந்தா முழங்காலில் நின்றாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கிடையில் இரத்தமும், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்கைகளும்.

நான் எத்தனையோ காயங்களைப் பார்த்திருந்தேன். அந்தக் காலத்தில் பார்க்காதவர் யார்? ஆனால் என் அலுமாரியிலிருந்து வெளிப்பட்ட ஒரு காயத்தை நான் பார்த்ததில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

"ஆரது? ரீச்சரோ? கண் எரியுது, ரீச்சர். ஐயோ, கண் எரியுது!"

அந்தக் குரல்தான் என்னை அசைத்தது. சேலைத் தலைப்பால் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த துணுக்கைகளைக் கண்ணுக்கு வெளிப்பக்கமாகத் தட்டினேன். தோல் வழுவழுவென்று வழுக்கியது. அது ஏன் வழுக்குகிறது என்று எனக்குத் தெரிந்ததுதான் கொடுமை. சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் எரிசோடா, எரிசோடாவும் கொழுப்பும் சேர்ந்தால் சவர்க்காரம். ஊரெல்லாம் சவர்க்காரத்துக்கு அலைந்த நாளில், ஒரு மனுசியின் முகத்தில் அது உண்டாகிக்கொண்டிருந்தது.

செம்பை எடுத்துத் தொட்டிக்குள் விட்டேன். அப்போது பின்னால் ஒரு சத்தம்.

"தண்ணி ஊத்தாதையும், ரீச்சர்! உது சோடியம்! தேங்காயெண்ணெய் கொண்டு வாங்கோ, கெதியா!"

எங்கள் அதிபர், தலைமை ஆசிரியர். தாவரவியல் படித்தவர், நல்ல மனிதர். பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னால் அதுதான் முடிவு. சோடியத்துக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பதை அவரும் படித்திருந்தார். நானும் அதைத்தான் வருடா வருடம் படிப்பித்தேன். தண்ணீர்தான் இதைச் செய்தது. அதே தண்ணீரை நான் கண்ணுக்குள் ஊற்றப் போகிறேன். அது பிழையாகிப் போனால், அவள் இனி வலை பொத்தமாட்டாள், பிள்ளைகளின் முகமும் பார்க்கமாட்டாள்.

பிறகு ஒன்று தட்டுப்பட்டது. கண்ணுக்குள் கண்ணீர் இருக்கிறது. கண்ணீரும் தண்ணீர்தானே. அதற்குள் விழுந்த சோடியம் எப்போதோ தன் வேலையை முடித்திருக்கும். இப்போது உள்ளே இருந்து அரிப்பது எரிசோடா. எண்ணெய் பூசினால் அது அங்கேயே இருந்து தின்னும்.

"சேர், கண்ணுக்குள்ளை ஏற்கெனவே தண்ணி நிக்குது. இனித் தண்ணியாலைதான் எடுக்கலாம். எல்லாரையும் கிணத்திலை அள்ளச் சொல்லுங்கோ!"

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், ரீச்சர்! தண்ணி எரியும்! நான் கண்டனான்!"

"நானும் கண்டிருக்கிறன். விடும் கையை."

முதற் செம்பை ஊற்றினேன். புருவத்தில் ஒளிந்திருந்த ஒரு துணுக்கை 'டப்' என்று மஞ்சளாக வெடித்தது. சுற்றி நின்றவர்கள் கூக்குரலிட்டுப் பின்வாங்கினார்கள். அதிபர் தன் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் போட்ட அலறல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். செம்பு கிட்டத்தட்ட நழுவிவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாவதை ஊற்றினேன். வெடிக்கவில்லை. மூன்றாவதை ஊற்றினேன்.

அதற்குப் பிறகு பங்கரில் இருந்த சனமெல்லாம் கிணற்றடிக்கு வந்துவிட்டது. ஒருவர் கப்பியில் இழுக்க, ஒருவர் வாளியைக் கைமாற்ற, நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆய்வுகூடத்திலிருந்து சிவப்புப் பாசிச்சாயத் தாளை, லிட்மஸ் தாளை, எடுத்துவரச் சொன்னேன். காரம் பட்டால் அது நீலமாகும். அது நீலமாகாமல் சிவப்பாகவே நிற்கும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

தாளைப் பிடித்தவர் அதிபர். கன்னத்தில் வழிந்த தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நீலம்."

ஊற்றினேன்.

"நீலம்தான், ரீச்சர்."

ஊற்றினேன். கை மரத்துவிட்டது. அவள் இப்போது கத்தவில்லை, முனகினாள். சின்னப் பிள்ளைகள்கூட அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வகுப்பிலும் எனக்கு அப்படியொரு கவனம் கிடைத்ததில்லை.

"ரீச்சர்," என்றார் அதிபர். "சிவப்பாய்த்தான் நிக்குது."

ராங்குக்குள் ஊற்றியது

ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? அடுத்த வளவுச் சிவத்தாரிடம் ஒரு லான்மாஸ்ரர் இருந்தது. வயல் உழுகிற இரண்டு சில்லு மெஷின். பின்னால் பெட்டி பூட்டினால் ஆட்களையும் ஏற்றலாம். அந்த நாளில் அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது.

சிவத்தார் பெட்டியைப் பூட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பிள்ளை, வாசல்மட்டும் வந்திட்டன். மெஷின் ராங்கிலை இனி ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் இல்லை."

யாரும் யாரிடமும் கேட்கவில்லை. முதலில் ஒரு பெண் தன் ஜாம்போத்தல் விளக்கைக் கொண்டுவந்தாள். திரியை எடுத்துவிட்டு, இருந்ததை ராங்குக்குள் ஊற்றி, பஞ்சையும் பிழிந்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு எல்லா வகுப்பறையிலிருந்தும் வந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வளவு முழுவதும் அன்றைக்கு விளக்கு இல்லை.

ஜெசிந்தாவின் மூத்த மகள் தங்கள் அறைக்குள் ஓடி, அந்தோனியார் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னுக்கு நின்ற கிழவர் ஒருவர் மறித்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"உதைக் கொண்டேய் வைச்சிடு, குஞ்சு. உது எரியட்டும்."

அந்த விளக்கைக் கண்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதில் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. என் சோடியத்தைக் காத்துவந்த மண்ணெண்ணெயை அவள் விளக்குக்கு ஊற்றியிருந்தாள். அதற்குள் இருக்கவேண்டியது வெடித்துச் சிதறிவிட்டது, அது மட்டும் எதுவும் நடக்காதது போல அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் படுத்திருந்தவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "விளக்கு எரியுதோ? ஆராவது பாருங்கோவன்."

"எரியுது," என்றேன். "சத்தம் போடாமல் படும்."

மிச்சப் பாடம்

ஆஸ்பத்திரியில் கண்களைத் திரும்பவும் கழுவி, இரண்டையும் கட்டிவிட்டார்கள். வலது கண் சரிவராது என்று டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இடது கண்ணைப் பற்றிக் கேட்டேன். "பாப்பம்" என்றார். மருந்தில்லாத ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் அதிகமாகப் பாவித்த சொல் அதுதான்.

பின்னேரங்களில் சைக்கிளில் போய் அவளைப் பார்த்துவருவேன். முதல் நாளே அவள் தொடங்கிவிட்டாள்.

"மண்ணெண்ணெயை நான் களவெடுக்கேல்லை, ரீச்சர். அவர் வந்தவுடனை வாங்கித் திருப்பி விடுவம் எண்டுதான் எடுத்தனான். அதுவரைக்கும் உங்கடை சாமானுக்குக் காத்துப் படக்கூடாதெண்டுதான் தண்ணி விட்டு மூடப் பாத்தனான்."

"தண்ணி விடச் சொல்லி ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே சொன்னியள். பக்கத்துப் போத்திலிலை கிடக்கிறதுக்கும் காத்து ஆகாது, அதைத் தண்ணியிலை வைக்கிறதெண்டு. ரெண்டுக்கும் ஒரே வருத்தமெண்டால் ஒரே மருந்துதானே? 'ஸ்ஸ்' எண்டு சத்தம் கேட்டுது. என்னடா, உள்ளுக்கை ஏதும் உயிரோடை கிடக்கோ எண்டு குனிஞ்சு பாத்தன்..."

இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு அந்த விடை தந்த திகைப்பு முழுதாகத் தீரவில்லை. பாதிப் பாடத்தைக் கேட்டவள் அந்தப் பாதியை அணுவளவும் பிசகாமல் விளங்கிக்கொண்டிருந்தாள். நான் கேள்வித்தாளில் கேட்டிருந்தால் அந்த விடைக்குப் புள்ளி போட்டிருப்பேன். அந்த விடைதான் அவள் கண்ணைப் பறித்தது. ஹெலி இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால், அவள் 'போட்டா'வுக்கு அடுத்த சொல்லையும் கேட்டிருப்பாள். இதற்கு நான் யாரில் கோபிக்க? வானத்தைத்தான் திட்டினேன்.

"சரி, அந்த மிச்சத்தைச் சொல்லுங்கோ," என்றாள்.

"எந்த மிச்சம்?"

"தண்ணியிலை போட்டா எண்டு விட்டிட்டு ஓடினியளே, அது."

கட்டுப் போட்ட கண்களை என் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். சொன்னேன். சோடியம் தன் இலத்திரனைத் தண்ணீரிடம் தள்ளிவிடுவதை, ஐதரசன் வாயு கிளம்பிப் பற்றுவதை, எரிசோடா மிஞ்சுவதை எல்லாம் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், உப்பிலையும் சோடியம்தான் இருக்கெண்டு ஒருநாள் சொன்னியள்."

"ஓம்."

"அப்ப கடல் ஏன் வெடிக்கேல்லை?"

என் வாழ்நாளில் ஒரு மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி. "உப்பிலை இருக்கிற சோடியம் குளோரீனோடை சேர்ந்திட்டுது," என்றேன். "குடுக்கிறதைக் குடுத்திட்டுது. இனி அது ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது."

"அப்ப கடலிலை நிக்கிறவைக்குப் பயமில்லை."

"சோடியத்தாலை பயமில்லை."

கிளாலியில் துப்பாக்கிச் சூடு நடந்து வள்ளங்கள் ஓடாமல் நின்றன என்று அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தோம். யோசேப்பைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

வெளிச்சம்

கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். போனேன்.

ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கினார்கள். டொக்டரிடம் டோர்ச் இருந்தது, போடுவதற்குப் பற்றரி இல்லை. தாதி ஒரு ஜாம்போத்தல் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து அவளுடைய முகத்துக்கு நேரே ஸ்டூலில் வைத்தாள். டொக்டர் இடது கண்ணின் கட்டை மெல்ல மெல்ல எடுத்தார்.

"கெதிப்படாமல் திறவுங்கோ, அம்மா. ஏதும் தெரியுதோ?"

அவள் திறந்தாள். இமை வீங்கிச் சிவந்திருந்தது. நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதோ?"

"மஞ்சளாய்..." என்றாள். "மஞ்சளாய் ஏதோ ஆடுது."

டொக்டர் பெருமூச்சு விட்டார். தாதி சிலுவை போட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. டொக்டர் அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கத்தில், வேலை முடிந்ததும் விளக்கை ஊதக் குனிந்தார்.

"ஊதாதேங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் டொக்டர் துணுக்குற்று நிமிர்ந்தார்.

"அணைச்சுப் போடாதேங்கோ, டொக்டர். அவர் இன்னும் வந்து நிக்கேல்லை."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பினேன்.

வாசலில் யோசேப்பு நின்றான். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் செய்தி கேட்டு, தோளில் இருந்த அரிசி மூட்டையைக்கூட இறக்கி வைக்காமல் வந்திருக்கிறான். இடுப்புச் சாரத்திலும் கைகளிலும் உப்புக் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் கையைக் காட்டினேன். தயங்கித் தயங்கி வந்து விளக்குக்கு முன்னால் நின்றான்.

ஜெசிந்தா ஒற்றைக் கண்ணை இடுக்கினாள், வலையில் அறுந்த கண்ணியைத் தேடுவாளே, அப்படி.

"ஆரது?"

"நான்தான்," என்றான் அவன்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு கட்டிலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து, விளக்கை ஊதி அணைத்தாள்.

"வந்திட்டியளே," என்றது இருட்டுக்குள் அவள் குரல். "இனி ஏன் மண்ணெண்ணெயை வீணாக்குவான்?"